பழைய செம்பு விற்கப் போகிறீர்களா? முதலில் பிரித்து வையுங்கள்

திருவையாறு பக்கத்தில் இருந்து ஒருவர் கேட்ட கேள்வி இது. எரிந்துபோன 5 எச்.பி. போர் மோட்டார் ஒன்று கிடக்கிறது. அதோடு கழற்றிய கேபிள் இருக்கிறது. வீட்டு வயரிங்கை மாற்றியபோது உருவிய பழைய வயர் ஒரு சாக்கு. அப்பாயி காலத்துச் செப்புக் குடமும் அண்டாவும் பரணில் இருக்கின்றன. வாசலுக்கு வந்த பழைய சாமான் வண்டிக்காரர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "மொத்தமா போடுங்கண்ணே, கிலோவுக்கு ஒரே ரேட்டு தரேன்" என்கிறார். கொடுக்கலாமா? வேறு எங்காவது கொண்டுபோனால் நல்ல விலை கிடைக்குமா?

கொடுக்காதீர்கள், இப்போதைக்கு. வண்டிக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. அவர் வெயிலில் அலைந்து, வாசலில் பணம் கொடுத்து வாங்கி, டவுன் கடையில் விற்று நாலு காசு பார்க்க வேண்டியவர். ஆனால் உங்களிடம் இருப்பது ஒரு சரக்கு இல்லை. நாலைந்து தரம் கலந்து கிடக்கிறது. கலந்த சரக்குக்கு யாரும், எந்த ஊரிலும், அதில் மட்டமானது எதுவோ அதன் விலையைத்தான் சொல்வார்கள். நான் வைண்டிங் பட்டறை, அதாவது எரிந்த மோட்டாருக்குக் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருள்) கட்டும் பட்டறை, வைத்திருப்பவன். பழைய காயில் தினமும் கையில் புரள்கிறது. நான் பார்த்தவரை நல்ல விலை வாங்குகிறவர்கள் பேரம் பேசத் தெரிந்தவர்கள் அல்ல. தன்னிடம் என்ன தரத்தில் எத்தனை கிலோ இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போகிறவர்கள்.

முதலில் விலை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். செம்பு விலையைக் கும்பகோணமோ தஞ்சாவூரோ முடிவு செய்வதில்லை. லண்டன் உலோகச் சந்தையில் டன்னுக்கு இத்தனை டாலர் என்று போகிறது. அதை ஒட்டி, டாலர் மதிப்பையும் சேர்த்துக்கொண்டு, மும்பை எம்சிஎக்ஸ் சந்தையில் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று ஓடுகிறது. தூத்துக்குடியில் வருஷத்துக்கு 4 லட்சம் டன் செம்பு எடுத்துக்கொண்டிருந்த ஆலை 2018 மே மாதம் மூடப்பட்ட பிறகு, சுத்திகரித்த செம்பை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு இறக்குமதி செய்யும் நாடாகிவிட்டது. அதனால் வெளிநாட்டு விலையின் கட்டு இன்னும் இறுகியிருக்கிறது. எம்சிஎக்ஸ் காப்பர் விலையைப் போனில் தட்டினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அது புதுச் செம்பின் விலை, ஜிஎஸ்டி சேராதது. அந்த விலை உங்களுக்குக் கிடைக்காது. கிராமத்து வண்டி, டவுன் கடை, திருச்சி அல்லது சென்னை மொத்த வியாபாரி, செம்பை உருக்கும் ஆலை என்று ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் மேலே போகும். நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: தோலுரித்த சுத்தமான கம்பிக்கு டவுன் கடையில் எம்சிஎக்ஸ் விலையில் நூற்றுக்கு எண்பதுக்குக் கீழே சொன்னால் அடுத்த கடைக்கு நடக்கலாம். அதற்கு மேல் எவ்வளவு ஏறும் என்பது சரக்கின் அளவையும் அன்றைய தேவையையும் பொறுத்தது.

இப்போது தரம். பழைய காப்பரில் முதலிடம் தோலுரித்த, பளபளப்பான, பூச்சு எதுவும் இல்லாத தடித்த கம்பிக்கு. மொத்த வியாபாரிகள் இதை மில்பெர்ரி என்பார்கள். அடுத்து மோட்டாரில் இருந்து உருவிய காயில். இதற்கு ஆர்மேச்சர் என்று பெயர், இனாமல் பூச்சோடு இருக்கும். அப்புறம் பாத்திரக் காப்பர்: குடம், அண்டா, தவலை, கெய்சர் தொட்டித் தகடு. பற்றவைத்த ஈயமும் உள்ளே பூசிய வெள்ளீயமும் கலந்திருப்பதால் உருக்குகிறவருக்கு இதில் கழிவு அதிகம். கடைசியில் எரித்துக் கறுத்த கம்பி, மெல்லிய நூல் வயர், தோலோடு இருக்கும் வயர். இதில் ஒன்றை இன்னொன்றோடு கலக்காமல் தனித்தனிச் சாக்கில் கட்டினாலே உங்கள் வேலை பாதி முடிந்தது. ஒரு பித்தளைக் குழாய்த் திருகு செம்புக் கம்பிச் சாக்குக்குள் கிடந்தால் போதும், கடைக்காரர் அதைக் கையில் எடுத்துக் காட்டிச் சாக்கு முழுவதற்கும் விலையைக் குறைப்பார்.

மோட்டாரில்தான் டெல்டாக்காரர்கள் அதிகம் இழக்கிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கோடையில் குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்கும் நாளில் வோல்டேஜ் குறைந்தோ, மூன்றில் ஒரு பேஸ் விட்டுப்போயோ மோட்டார் எரிகிறது. அவசரம். மேட்டூர் திறக்கும் ஜூன் 12 வரை காத்திருக்க முடியாது. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடுகிறோம். "காயில் கட்ட இவ்வளவு ஆகும்" என்கிறார்கள், சரி என்கிறோம். அந்தத் தொகைக்குள் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. எரிந்த பழைய காயில் பட்டறைக்கே என்பது பேசாத வழக்கம். அதைக் கழித்துக்கொண்டு கூலி சொல்லும் நேர்மையான பட்டறைகள் நிறைய உண்டு. கழிக்காமல் சொல்பவர்களும் உண்டு. எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, வேலை ஆரம்பிக்கும் முன்னாலேயே கேட்பது: "பழைய காயிலை நீங்க எடுத்துக்கிட்டா எவ்வளவு, நானே எடுத்துக்கிட்டா எவ்வளவு?" இரண்டு தொகை வாங்கிக்கொள்ளுங்கள். வித்தியாசத்தைப் பழைய காயிலின் எடையால் வகுத்தால், பட்டறை உங்கள் செம்புக்குக் கிலோவுக்கு என்ன விலை போட்டிருக்கிறது என்று வந்துவிடும். அந்த விலை கடை விலைக்கு நெருக்கமாக இருந்தால் பட்டறையிலேயே விட்டுவிடுங்கள், அலைச்சல் மிச்சம்.

காயிலை எடுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஸ்டேட்டரின், அதாவது மோட்டாரில் சுழலாமல் நிற்கும் பகுதியின், ஒரு பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காயில் தலையை உளியால் வெட்டிவிட்டு, மறுபக்கத்தில் இருந்து கொக்கி போட்டு இழுப்பார்கள். கொத்துக் கொத்தாக வரும். அதோடு ஸ்லாட் பள்ளத்தில் செருகிய காகிதம், கட்டிய நூல், இறுகிய வார்னிஷ் எல்லாம் வரும். தண்ணீர் நிரப்பும் சப்மெர்சிபிளாக இருந்தால் கம்பியின் மேல் பிளாஸ்டிக் தோல் இருக்கும். அதை உருவினால் உள்ளே வருவது இனாமல் இல்லாத வெறும் செம்பு. இது முக்கியம். தோலோடு போட்டால் ஆர்மேச்சருக்கும் கீழே போகும். தோலை உரித்துவிட்டு, தீயில் கறுக்காத பகுதியைத் தனியாக வைத்தால் முதல் தரத்துக்குப் பக்கத்தில் வரும். எரிந்த இடத்தில் மட்டும் கறுப்பாக இருக்கும். அந்தப் பகுதியை வெட்டித் தனியே போடுங்கள்.

மோட்டாரை முழுதாகக் காயலான் கடையில் போடுவது என்று முடிவு செய்யும் முன் ஒரு வைண்டிங்காரரிடம் காட்டுங்கள். ஸ்டேட்டர் தகடு உரசாமல் நல்லபடியாக இருந்தால், காயில் கட்டி செகண்ட் ஹேண்டாக விற்க அவரே வாங்கிக்கொள்ளலாம். பழைய இரும்பு விலையை விட அது கூடுதலாகவே வரும். உள்ளே புஷ் கன்மெட்டலாக இருக்கலாம், ஷாஃப்ட் எவர்சில்வராக இருக்கலாம், பம்பின் இம்பெல்லர் வெண்கலமாக இருக்கலாம். இவை எல்லாமே இரும்பு எடையில் போகக்கூடாத பொருட்கள். பழைய ஸ்டார்ட்டர் பெட்டியைத் தூக்கி எறிகிறவர்கள் அதில் உள்ள பாயின்ட்டுகளைக் கழற்றிக்கொள்ள வேண்டும். அந்தச் சின்னப் பொட்டுகளில் வெள்ளி கலந்திருக்கிறது.

அடுத்து கேபிள். இதில் நீங்கள் கடைக்காரரை விடத் துல்லியமாகக் கணக்குப் போடலாம், தராசே தேவையில்லை. செம்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம். அதாவது ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கம்பி ஒரு மீட்டர் நீளம் இருந்தால் அதில் ஏறக்குறைய 9 கிராம் செம்பு இருக்கும். இந்த 9-ஐ மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போர் மோட்டாரின் தட்டைக் கேபிள் மேல் மூன்று கோர் (உள்ளே மூன்று கம்பி), 4 சதுர மி.மீ. என்பது போல அச்சிட்டிருக்கும். துணியால் துடைத்தால் தெரியும். மூன்றை நாலால் பெருக்கி, 9-ஆல் பெருக்கினால் 108. ஒரு மீட்டருக்கு 108 கிராம். உங்கள் கேபிள் 45 மீட்டர் என்றால் 4 கிலோ 860 கிராம். 2.5 சதுர மி.மீ. என்றால் மீட்டருக்கு 67 கிராம்தான் வரும். வீட்டு வயருக்கும் இதே கணக்கு. 90 மீட்டர் சுருள் ஒன்றில், 1.5 சதுர மி.மீ. வயரில் 1 கிலோ 200 கிராம், 2.5-இல் 2 கிலோ. அசலில் இதை விடக் கொஞ்சம் குறையும். கம்பெனிகள் குறுக்களவில் இழுத்துப்பிடிப்பது வழக்கம். ஆனால் கடைக்காரர் சொல்வது இந்தக் கணக்கில் இருந்து ரொம்பத் தள்ளிப் போனால், ஒன்று தராசில் கோளாறு, இல்லை கேபிளில் கோளாறு.

அச்சு அழிந்துபோயிருந்தால் இன்னொரு வழி. கேபிளில் சரியாக ஒரு மீட்டர் வெட்டி எடையைப் பாருங்கள். அதைக் கத்தியால் உரித்து, செம்பை மட்டும் மறுபடி எடை போடுங்கள். நூறு கிராமுக்கு எத்தனை கிராம் செம்பு என்று வந்துவிடும். இப்போது கடையில் தோலோடு வாங்க என்ன விலை சொல்கிறார்களோ, அதை இந்த விகிதத்தால் வகுத்துப் பாருங்கள். தோலோடு கிலோவுக்கு 300 ரூபாய் என்கிறார், உங்கள் கேபிளில் பாதிதான் செம்பு என்று வைத்துக்கொள்வோம். செம்புக்கு அவர் கொடுப்பது 600. தோலுரித்த கம்பிக்கு அதே கடை 700 கொடுத்தால், கிலோ செம்புக்கு 100 ரூபாய்க்காக உரிக்கலாமா என்பது உங்கள் முடிவு. தட்டைக் கேபிளை உரிப்பது சுலபம். ஒரு பலகையில் ஆணி அடித்து நுனியை மாட்டி, நடுவில் கத்தியைக் கொடுத்து இழுத்தால் தோல் இரண்டாகப் பிரியும். ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். டிவி வயர், போன் வயர், மிக்ஸி வயர் போன்ற மெல்லிய நூல் வயர்களை உரிப்பது வீண் வேலை. அவற்றைத் தோலோடு போட்டுவிடுங்கள்.

தோலை நெருப்பில் கொளுத்தி எடுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். வாய்க்கால் கரையில், சுடுகாட்டு ஓரத்தில் வயர் எரிகிற கரும்புகையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வயரின் தோல் பிவிசி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், மூச்சுக்குழலை அரிக்கும். டயாக்சின் என்னும் நஞ்சும் உண்டாகும். சூட்டில் இருக்கும் செம்பே அது உண்டாவதற்குத் துணை போகிறது. சாம்பல் விழுந்த இடத்தில் மாடு மேயும், பிள்ளைகள் விளையாடும். இத்தனையும் செய்து என்ன லாபம்? எரித்த கம்பி கறுத்து, மேலே ஆக்சைடு படிந்து, கடைசித் தரத்துக்கு இறங்கிவிடும். உரித்த கம்பிக்குக் கிடைக்கும் விலை அதற்குக் கிடைக்காது. கூலிக்கு எரித்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் ரொம்ப ஏழைகள், சில இடங்களில் சிறுவர்கள். அவர்களிடம் இந்த வேலையைத் தள்ளிவிடுவதும் நியாயம் இல்லை.

வயரைப் பற்றிச் சொல்லும்போதே போலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லாச் சிவப்புக் கம்பியும் செம்பு இல்லை. பழைய வீடுகளில் வெறும் அலுமினிய வயரிங்கே நிறைய உண்டு, அது வெள்ளையாக இருப்பதால் பார்த்தவுடன் தெரியும். அலுமினியத்துக்கு மேல் மெல்லிய செம்புத் தோல் போட்ட கம்பி விலை குறைந்த வயர்களில் வருகிறது. பார்க்கச் செம்பு மாதிரியே இருக்கும். கம்பியைச் சாய்வாக வெட்டி வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் வெள்ளை தெரிந்தால் முடிந்தது கதை. மலிவான சீலிங் ஃபேன், சின்ன மோட்டார், ஸ்டெபிலைசர் இவற்றில் அலுமினியக் காயில்மேல் செம்பு நிற இனாமல் பூசியிருப்பார்கள். பிளேடால் சுரண்டினால் வெளுப்பு தெரியும். கையில் தூக்கினாலே எடை சொல்லிவிடும், அலுமினியம் செம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான கனம். எர்த் கம்பியில் செம்பு முலாம் பூசிய இரும்பு உண்டு. அதற்குக் காந்தம் போதும். செம்பும் பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது. அடியில் செம்பு பூசிய எவர்சில்வர் பாத்திரத்தில் செம்பு பேருக்குத்தான் இருக்கும், அதைச் செம்பாக எண்ணிக் கணக்குப் போட வேண்டாம். பழைய ஏசியின் காயிலில் செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் பின்னிக் கிடக்கும். பிரித்து எடுப்பது கஷ்டம், அதற்கென்று தனி விலை உண்டு, அப்படியே போடலாம்.

இனி பாத்திரம். என்னைக் கேட்டால், அப்பாயியின் குடத்தையும் அண்டாவையும் காயலான் கடை சாக்கில் போடுவதற்கு முன் மூன்று முறை யோசிக்க வேண்டும். நம் பக்கத்தில் கும்பகோணம் பாத்திரக் கடைகள் பழைய செம்பையும் பித்தளையையும் எடுத்துக்கொண்டு புதுசு கொடுக்கின்றன. அங்கே போனால் இரண்டு விலை கேளுங்கள். பழசுக்குப் பணமாகக் கொடுத்தால் கிலோவுக்கு என்ன, புதுச் சாமான் எடுத்தால் என்ன? மாற்றுக்கு விலை கூட்டித்தான் சொல்வார்கள். ஆனால் புதுப் பாத்திரத்தின் கிலோ விலைக்குள் செய்கூலி உட்கார்ந்திருக்கிறது. புதுசு தேவைப்பட்டால் மாற்று நல்லது. தேவையில்லாமல் இருந்தால் பணமாகவே வாங்குங்கள்.

பாத்திரத்தை எடை போடும் முன் வாய் விளிம்பைத் தட்டிப் பாருங்கள். பெரிய அண்டாக்களில் விளிம்புக்குள் இரும்பு வளையம் வைத்து மடித்திருப்பார்கள். காந்தம் ஒட்டும். கடைக்காரர் அதற்குக் கழிப்பது நியாயம். ஆனால் எத்தனை கிராம் கழிக்கிறார் என்று அவரைச் சொல்ல வைக்க வேண்டும். முடிந்தால் வளையத்தை உருவிவிட்டு எடை போடச் சொல்லுங்கள். காது, கைப்பிடி பித்தளையாக இருந்தால் தனி. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுபோக வேண்டியதில்லை. களிம்பு மேல்பரப்போடு சரி, உருக்குகிறவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

சம்மட்டியால் தட்டிச் செய்த கனமான பழைய பாத்திரமாக, அடி நசுங்காமல் இருந்தால், அது உலோக விலையைத் தாண்டியும் போகும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. விருந்துக்கு வாடகைக்கு விடுகிறவர்களும், ஹோட்டல் வாசலை அலங்கரிக்கிறவர்களும் பழைய அண்டாவைத் தேடுகிறார்கள். நாலு பக்கமும் போட்டோ எடுத்து, விட்டம், உயரம், எடை எழுதி அனுப்பி விசாரித்துப் பாருங்கள். பாத்திரத்தின் மேல் ஆணியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்கள், கல்யாணத் தேதியோடுகூட. விற்பதற்கு முன் அதை ஒருமுறை வீட்டில் எல்லோரிடமும் வாசித்துக் காட்டுங்கள். அத்தையோ சித்தப்பாவோ "அதை எனக்குக் குடு, அந்த விலையை நான் தரேன்" என்று சொல்ல வாய்ப்பு உண்டு. விற்றபிறகு தெரிந்தால் காலத்துக்கும் மனக்கசப்பு.

பழைய செம்பு வீட்டில் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தால் இன்னொரு வகை ஆட்களும் வருவார்கள். குடத்தையோ கலசத்தையோ பார்த்துவிட்டு, "இதில் இரிடியம் இருக்கிறது, அரிசியை இழுக்கும், கோடிக்கணக்கில் போகும்" என்பார்கள். அரிசியைப் பக்கத்தில் வைத்து இழுத்தும் காட்டுவார்கள். அரிசியை ஈர்க்கும் உலோகம் உலகத்தில் இல்லை. அரிசிக்குள் இரும்புத் துகளும் பாத்திரத்துக்குள் காந்தமும் வைத்து ஆடும் நாடகம் அது. சோதனைச் செலவு, ரிசர்வ் வங்கி அனுமதி, விஞ்ஞானி வரவழைக்கும் கட்டணம் என்று உங்களிடம் இருந்து லட்சக்கணக்கில் கறப்பதுதான் நோக்கம். தமிழ்நாடு முழுக்க படித்தவர்களும் இதில் பணத்தை விட்டிருக்கிறார்கள். ஒரு ரூபாய்கூட முன்பணமாகக் கொடுக்காதீர்கள், போலீசில் சொல்லுங்கள்.

நிலத்தில் கிடைத்த செம்பு வேறு கதை. காவிரிக் கரையில் வயலை உழும்போது, கிணறு தோண்டும்போது, வீட்டுக்குக் கடைக்கால் போடும்போது சோழர் காலத்துச் செப்புக்காசு, தகடு, சிலை கிடைப்பது இந்த மண்ணில் அதிசயம் இல்லை. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்கு வேலைக்காகத் தோண்டியபோது ஐம்பொன் சிலைகளோடு தேவாரப் பதிகம் எழுதிய செப்பேடுகள் நானூறுக்கு மேல் வந்தன. அப்படிப்பட்ட ஒன்றைக் காயலான் கடைக்காரர் எடை போட்டு உருக்க அனுப்பினால், போனது போனதுதான். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் என்றாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலைகளுக்கும் கலைப்பொருட்களுக்கும் 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் உண்டு. எழுத்து வெட்டிய தகடு எதைப் பார்த்தாலும் விஏஓவிடம் சொல்லுங்கள், தாசில்தாருக்குப் போய்விடும்.

சரி, எந்தக் கடைக்குப் போவது? இரண்டு மூன்று கிலோவாக இருந்தால் பக்கத்து டவுன் போதும். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி, பட்டுக்கோட்டை எல்லா ஊரிலும் காப்பர் எடுக்கும் கடைகள் இருக்கின்றன. இரும்பும் அட்டையும் பிரதானமாக எடுக்கும் கடையை விட, காப்பர், பித்தளை, அலுமினியம் தனியாக எடுக்கும் கடையில் தரம் பிரித்துப் பேச முடியும். காலையிலேயே மூன்று கடைக்குப் போன் போடுங்கள். "காப்பர் என்ன ரேட்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "உரிச்ச கம்பி அஞ்சு கிலோ, ஆர்மேச்சர் நாலு கிலோ, பாத்திரம் ஏழு கிலோ இருக்கு, மூணுக்கும் தனித்தனியா ரேட் சொல்லுங்க" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பவரிடம் பேசும் தொனியே வேறு. இருபது முப்பது கிலோ சேரும் என்றால் திருச்சி மொத்தக் கடைக்குப் போகலாம். தஞ்சாவூரில் இருந்து 55 கிலோமீட்டர் சொச்சம்தான். அக்கம்பக்கத்து வயல்காரர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே வண்டியில் ஏற்றினால் கட்டுப்படியாகும்.

தராசைப் பார்க்காமல் சரக்கை இறக்காதீர்கள். கடை எலக்ட்ரானிக் தராசுக்கு எடையளவுச் சட்டப்படி வருஷா வருஷம் சரிபார்த்து முத்திரை வைக்க வேண்டும். நம் மாநிலத்தில் இது தொழிலாளர் துறையின் வேலை. சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். அதை விட நல்ல பாதுகாப்பு, கிளம்பும் முன் தெரிந்த மளிகைக் கடைத் தராசில் ஒவ்வொரு சாக்கையும் போட்டு எடையைச் சாக்கின் மேலேயே எழுதிவிடுவது. கடையில் காலித் தட்டில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். "நூத்தம்பது கிராம்தானே, விடுங்க" என்று ஒவ்வொரு எடையிலும் கழிப்பார்கள். செம்பு கிலோ 700 என்றால் அந்த நூற்றைம்பது கிராம் 105 ரூபாய். நாலு சாக்குக்கு நாலு முறை கழித்தால் பாருங்கள்.

"ஜிஎஸ்டி போகத்தான் இந்த ரேட்" என்று சொன்னால் கொஞ்சம் நின்று பேசுங்கள். செப்புக் கழிவுக்கு வரி 18 சதவீதம். ஆனால் வீட்டிலும் வயலிலும் கிடந்த சொந்தச் சாமானை விற்கும் நீங்கள் அதைக் கட்ட வேண்டியவர் இல்லை. பதிவில்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கும் பதிவுபெற்ற வியாபாரி வரியைத் தானே கட்டும் முறை 2024 அக்டோபர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. கட்டியதை அவர் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளவும் முடியும். அதை உங்கள் விலையில் இருந்து கழிப்பதற்குக் காரணம் இல்லை.

ஆதார் நகல் கேட்டால் கோபப்பட வேண்டாம். கேட்காத கடையைத்தான் சந்தேகப்பட வேண்டும். டெல்டாவில் வயல் மோட்டார் கேபிளை ராத்திரியில் வெட்டிக்கொண்டு போகிறார்கள். சில ஆயிரம் ரூபாய் செம்புக்காக ஒரு விவசாயியின் பயிரே காய்கிறது. கேள்வி கேட்காமல் வாங்கும் கடைகள் இருப்பதால்தான் அந்தத் திருட்டு நடக்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவில் குற்றம். அதனால் ஒழுங்கான கடைக்காரர் பெயரும் போன் நம்பரும் எழுதிக்கொள்வார். மோட்டார் வாங்கிய பில் இருந்தால் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை வங்கிக் கணக்கிலோ யுபிஐயிலோ வாங்குங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் கடைக்காரரால் அதைச் செலவாகக் காட்ட முடியாது. அதனால் அவருக்கும் அதுவே வசதி.

எப்போது விற்பது என்றும் கேட்பீர்கள். செம்பு கெட்டுப்போகாது, காத்திருக்கலாம். ஆனால் காத்திருந்தால் ஏறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2020 மார்ச்சில் லண்டனில் டன் 5,000 டாலருக்கும் கீழே விழுந்தது. 2021 மே மாதம் 10,000-ஐத் தாண்டியது. 2022 மார்ச்சில் உச்சத்துக்குப் போய், அதே வருஷம் ஜூலையில் 7,000 பக்கம் இறங்கியது. 2024 மே மாதம் 11,000-ஐத் தாண்டியது. பெரிய பெரிய கம்பெனிகளே இதைக் கணிக்கத் தடுமாறுகின்றன. பத்துப் பன்னிரண்டு கிலோவுக்காக வருஷக்கணக்கில் பரணில் வைத்து, திருடன் கையில் கொடுப்பதை விட, பிரித்து, எடை போட்டு, ஒரு வாரம் எம்சிஎக்ஸ் விலையைக் கவனித்துவிட்டு நடுத்தரமான நாளில் விற்றுவிடலாம். திடீரென்று விலை சரிந்த மறுநாள் மட்டும் போகாதீர்கள். கையில் கூடின விலைக்கு வாங்கிய சரக்கு தேங்கியிருக்கும் கடைக்காரர் அன்று ரொம்பக் குறைத்துக் கேட்பார்.

உங்கள் விஷயத்தில் நான் செய்யச் சொல்வது இதுதான். மோட்டாரை முதலில் வைண்டிங்காரரிடம் காட்டி, முழுதாக என்ன விலை, காயில் மட்டும் என்ன விலை என்று கேளுங்கள். கேபிளை இந்த வாரமே உரித்துவிடுங்கள். வீட்டு வயர்ச் சாக்கைக் கொட்டி, தடித்ததை உரித்து, அலுமினியம் கலந்திருந்தால் பொறுக்கி எடுங்கள். குடமும் அண்டாவும் வீட்டில் பேசி முடிக்கும் வரை பரணிலேயே இருக்கட்டும். உரிக்காமல் மிஞ்சும் நூல் வயரையும் இரும்பையும் வாசலுக்கு வரும் வண்டிக்காரருக்கே போடுங்கள். அதற்கு அவர் சொல்லும் விலையை விட டவுன் கடையில் பெரிதாக ஒன்றும் கூடிவிடாது, ஏற்றிக்கொண்டு போகும் கூலியும் அவருடையது.